மூன்று ஊர், ஒரே கணக்கு: சிறு நிறுவனத்தின் சர்வர் எங்கே இருக்க வேண்டும்?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைமை அலுவலகமும் தையல் பிரிவும் திருப்பூரில் இருக்கின்றன. ஆர்டர் தரும் பையர்களைச் சந்திக்கவும் மாதிரிகளைக் காட்டவும் சென்னையில் ஓர் அலுவலகம். அங்கே ஆறு பேர். சரக்கு கப்பலேறும் தூத்துக்குடியில் துறைமுக வேலைகளைப் பார்க்க நான்கு பேர். எல்லாம் சேர்த்துக் கணினி முன் உட்காருபவர்கள் நாற்பது பேர். இந்த அளவுக்கு வளர்ந்த பிறகு முதலாளி ஒருநாள் கேட்பார்: “எல்லோருடைய தகவலையும் ஒரே இடத்தில் வைக்க என்ன சர்வர் வாங்கலாம்?”

கேட்ட அன்று மாலையே மூன்று கடைகளிலிருந்து விலைப்பட்டியல் வந்துவிடும். ஆனால் இந்தக் கேள்வி கடைசியில் கேட்க வேண்டியது. எந்தத் தகவல் எந்த ஊரில் பிறக்கிறது, அதில் யார் எழுதுகிறார்கள், யார் பார்க்க மட்டும் செய்கிறார்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். அடுத்து, ஊர்களுக்கு நடுவே உள்ள இணைப்பு ஒரு பகல் முழுக்க அறுந்துகிடந்தால் எந்த வேலை காத்திருக்கலாம், எது நிற்கவே கூடாது என்று எழுத வேண்டும். இந்த இரண்டும் தெளிவானால் சர்வரின் அளவும் விலையும் தாமாகவே வந்து நிற்கும். தெளிவாகாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரம் வாங்கினாலும் சென்னைக்காரர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நம் நிறுவனத்துக்கு அந்தத் தாளை நிரப்பிப் பார்க்கலாம். கணக்கில் எழுதுபவர்கள் பெரும்பாலும் திருப்பூர்க்காரர்கள். தூத்துக்குடியில் இருவர் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் எடுக்கிறார்கள். சென்னையில் ஒருவர் நிலுவையைப் பார்க்கிறார். துணி வெட்டுவதற்கான பேட்டர்ன், மார்க்கர் வரைவுகள் பெரிய கோப்புகள். அவை திருப்பூரில் மட்டுமே திருத்தப்படுகின்றன. பையர் அனுப்பும் டெக் பேக்கை, அதாவது ஆடையின் அளவும் அமைப்பும் அடங்கிய கோப்பை, சென்னையில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் திருத்துகிறார், திருப்பூரில் தயாரிப்புப் பிரிவு படிக்கிறது. தொழிலாளர் வருகைப் பதிவும் கார்ட்டன் ஸ்டிக்கர் அச்சிடுவதும் தொழிற்சாலைக்குள்ளேயே முடிகிற வேலைகள். கண்டெய்னர் வாசலில் நிற்கும்போது ஸ்டிக்கர் அச்சாகவில்லை என்று எவரும் காத்திருக்க முடியாது. ஆகவே இந்த இரண்டு வேலைகளும் வெளி இணைப்பை நம்பியே இருக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் எழுதி முடிக்கக்கூடிய இந்தத் தாள் பெரும்பாலான நிறுவனங்களில் கிடையாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இனி தூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் வீணாவது இங்கேதான்.

டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் தகவலைக் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்பவை. ஒரே கட்டடத்துக்குள் அந்த ஃபோல்டரைப் பகிர்ந்துகொண்டு பத்து பேர் வேலை செய்யலாம். எந்தத் தடையும் தெரியாது. அதே ஃபோல்டரை இணையம் வழியாகச் சென்னைக்கும் திறந்துவிட்டால், ஒரு லெட்ஜரைத் திறக்க நிமிடக்கணக்கில் ஆகும். உடனே எல்லோரும் சொல்வது, “இணைய வேகம் போதவில்லை, கூட்டுங்கள்” என்பது. ஐம்பது எம்பிபிஎஸ்ஸை இருநூறாக்குவார்கள். லெட்ஜர் அப்போதும் அதே வேகத்தில்தான் திறக்கும்.

கோப்பைப் படிக்கும் மென்பொருள் மொத்தத்தையும் ஒரே தடவையில் கேட்பதில்லை. சிறு துண்டு கேட்கும், பதில் வந்த பிறகு அடுத்த துண்டைக் கேட்கும். ஒரு திரையைக் காட்ட இப்படி ஆயிரம் தடவை கேட்பதாக வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்குள் ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை மில்லி விநாடி ஆனால், ஆயிரத்துக்கும் சேர்த்து அரை விநாடி. திருப்பூருக்கும் சென்னைக்கும் சாலை வழியே சுமார் 450 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. நேர்க்கோட்டில் போனால்கூடப் போகவர நான்கைந்து மில்லி விநாடி வேண்டும். கேபிள் சுற்றிப் போவதையும் வழியிலுள்ள கருவிகளையும் சேர்த்து 20 மில்லி விநாடி என்று வைத்தால், ஆயிரம் கேள்விக்கு 20 விநாடி. தூரத்துக் கிணற்றிலிருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் எடுத்துவருவது போன்றது இது. பாதையை அகலப்படுத்தினால் அண்டா நிறையும் நேரம் குறையாது, நடை ஆயிரம்தான்.

இதற்கு வழி, தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டு ஆள் கிணற்றடிக்கே போய்விடுவது. ரிமோட் டெஸ்க்டாப் செய்வது அதைத்தான். மென்பொருளும் தகவலும் திருப்பூர் சர்வரிலேயே இருக்கும், ஓடுவதும் அங்கேயே. சென்னைக்கு வருவது திரையின் படம், சென்னையிலிருந்து போவது விசைத் தட்டல்களும் மவுஸ் அசைவும் மட்டும். சாதாரணக் கணக்கு வேலைக்கு ஒருவருக்கு ஒரு எம்பிபிஎஸ்கூடத் தேவைப்படாது. நடுவில் இணைப்பு அறுந்தாலும் பாதி எழுதிய வவுச்சர் சர்வரில் அப்படியே திறந்திருக்கும். திரும்பச் சேர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோப்பைத் தொலைவிலிருந்து திறந்திருந்தால் அந்த இடத்தில் கணக்கே பழுதாகியிருக்கக்கூடும்.

இதற்கென ஒரு செலவு உண்டு, அதை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். விண்டோஸ் சர்வரில் நிர்வாகப் பணிக்காக இருவர் மட்டுமே தொலைவிலிருந்து நுழையலாம். அலுவலக வேலைக்காகப் பலர் நுழைய வேண்டுமென்றால் ஆளுக்கோ கணினிக்கோ தனி உரிமம் வாங்க வேண்டும். நிறுவிய பிறகு 120 நாள் சலுகைக் காலம் இருப்பதால் எல்லாம் இலவசமாக ஓடுவதுபோல் தோன்றும். 121ஆம் நாள் அலுவலக வேலைக்காக எவரும் உள்ளே போக முடியாது. அது பெரும்பாலும் மாதக் கடைசியாகவே அமைந்துவிடுகிறது. பூட்டை உடைத்துத் தரும் குறுக்குவழி நிரல்களை நிறுவித் தருபவர்களும் இருக்கிறார்கள். கணக்குப் புத்தகம் இருக்கும் இயந்திரத்தில் யார் எழுதியதென்று தெரியாத நிரலை ஏற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கோப்புகளுக்கு வேறு நியாயம். ஐம்பது எம்பி வரைவை ஒவ்வொரு தடவையும் தொலைவிலிருந்து திறப்பது சலிப்பூட்டும் வேலை. ஆகவே இரண்டு ஊரிலும் பிரதி வைத்து, தானாகவே ஒத்திசையச் செய்யலாம். ஆனால் ஒத்திசைவு நிரல்கள் பொதுவாக ஊர் தாண்டிப் பூட்டுப் போடுவதில்லை. காலையில் சென்னையில் ஒருவரும் திருப்பூரில் ஒருவரும் ஒரே டெக் பேக்கைத் திருத்தினால், கடைசியில் சேமித்தவருடையது நிற்கும். மற்றவருடைய உழைப்பு எங்கோ ஓர் ஒதுக்குப்புற ஃபோல்டரில் போய்க் கிடக்கும். தவறான அளவுப்பட்டியலோடு துணி வெட்டப்பட்ட பிறகே அது தெரியவரும். இதைத் தடுக்க ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் ஊரைச் சொந்த ஊராக வைக்க வேண்டும். டெக் பேக்கின் ஊர் சென்னை. திருப்பூரில் அது படிக்க மட்டும். மார்க்கரின் ஊர் திருப்பூர். சென்னையில் அது படிக்க மட்டும். இதை மனிதர்களின் நினைவுக்கு விடாமல் ஃபோல்டர் அனுமதியிலேயே அமைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வரில், வைத்துவிட்டால் என்ன என்று இந்த இடத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மைக்ரோசாஃப்டுக்கு 2015 முதல் சென்னையிலேயே தரவு மையம் இருக்கிறது. அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் இருக்கிறது. அலுவலகங்கள் பத்து ஊரில் ஐந்தைந்து பேராகச் சிதறியிருந்தால், எதிலும் பெரும்பான்மை இல்லாவிட்டால், வாடகை சர்வரே சரி. நம் நிறுவனத்தின் கதை வேறு. நாற்பதில் முப்பது பேர் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். சர்வர் திருப்பூரில் இருந்து இணைப்பு அறுந்தால் பத்து பேர் காத்திருப்பார்கள். சர்வர் மும்பையில் இருந்து திருப்பூர் இணைப்பு அறுந்தால் முப்பது பேரும் காத்திருப்பார்கள், தொழிற்சாலையும் சேர்ந்து நிற்கும். எழுதும் கைகள் எங்கே அதிகமோ அங்கேதான் தகவலுக்கு வீடு. மின்னஞ்சலுக்கு மட்டும் இந்த வாதம் பொருந்தாது. அதைச் சொந்தமாக நடத்தவே வேண்டாம். அலுவலக இணைப்பிலிருந்து கிளம்பும் கடிதத்தைப் பெரிய அஞ்சல் சேவைகள் குப்பையென்று ஒதுக்கிவிடும், பையருக்குப் போக வேண்டிய பதில் போய்ச் சேராது. ஆளுக்கு மாத வாடகை கொடுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

ஊர்களை இணைக்கும் வேலையில் முதல் இடறல், ஒவ்வொரு கருவிக்கும் அலுவலக வலையமைப்பில் இருக்கும் எண் முகவரியில் வரும். கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளோடு வருகின்றன. மூன்று அலுவலகத்திலும் அதையே விட்டுவைத்தால், மூன்று ஊரிலும் ஒரே தெருப்பெயர், ஒரே கதவு எண் என்ற நிலை. தபால்காரர் எங்கே போவார்? திருப்பூருக்கு 10.10, சென்னைக்கு 10.20, தூத்துக்குடிக்கு 10.30 என்று முதல் நாளே பிரித்துவிட்டால் நான்காவது ஊர் வரும்போது 10.40 காத்திருக்கும். பிரிண்டரும் கேமராவும் வருகைப் பதிவுக் கருவியும் ஐம்பது சேர்ந்த பிறகு இதை மாற்றப் புறப்பட்டால் ஒரு வாரம் போய்விடும்.

இரண்டாவது, தலைமை அலுவலகத்துக்கு நிலையான பொது ஐபி முகவரி வேண்டும். சாதாரண பிராட்பேண்டில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. வெளியிலிருந்து அந்த அலுவலகத்தைத் தேடி வர முடியாது. நிலையான முகவரிக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். கிளைகளுக்கு அது தேவையில்லை. அவை தாமே தலைமை அலுவலகத்தை அழைத்து, இணையத்துக்குள்ளேயே பிறர் பார்க்க முடியாத தனிப்பாதையான விபிஎன் சுரங்கத்தைத் திறந்துகொள்ளும். திருப்பூருக்கு இரண்டு நிறுவனங்களின் இணைப்பு அவசியம். இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கி வந்தால் ஒரே லாரி இரண்டையும் அறுத்துவிட்டுப் போகும் என்பதால், ஒன்று கேபிளாகவும் மற்றொன்று 4ஜி அல்லது 5ஜி வழியாகவும் இருக்கட்டும்.

விபிஎன் அமைப்பது சிரமம் என்று எண்ணி, ரவுட்டரில் 3389 என்ற வாசலை இணையத்துக்கு நேரே திறந்துவைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான வாசல் அது. உலகெங்கும் தானியங்கி நிரல்கள் அந்த வாசலைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. கண்டதும் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயலும். பிணைத்தொகை கேட்கும் வைரஸ்கள் நிறுவனங்களுக்குள் நுழைந்த முக்கியமான வழிகளில் ஒன்று இதுவே. முதலில் விபிஎன், அதற்குக் கடவுச்சொல்லோடு கைபேசி எண் குறியீடு போன்ற இரண்டாம் அடையாளச் சோதனை, அதன் பிறகே சர்வரின் கதவு. இதில் எந்தச் சலுகையும் கூடாது.

இயந்திரத்தைப் பற்றி இப்போது சுருக்கமாகப் பேசிவிடலாம். நாற்பது பேருக்கு ஒரு நல்ல சர்வர் போதும். பிழை திருத்தும் நினைவகம், ஒன்றுக்கொன்று நகலாக ஓடும் எஸ்எஸ்டி டிஸ்க் ஜோடி, இரட்டை மின்வழங்கி, அந்த ஊருக்கே வந்து பழுதுபார்க்கும் வாரண்டி. இதன் மேல், ஒரே இயந்திரத்துக்குள் தனித்தனிக் கணினிகள்போல் ஓடும் இரண்டு மெய்நிகர் சர்வர்கள்: ஒன்று யார் உள்ளே வரலாம் என்பதைப் பார்க்கும் டொமைன் கன்ட்ரோலர், மற்றொன்று கணக்குக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கும். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் உரிமம் ஒன்றிலேயே இரண்டு மெய்நிகர் சர்வர்களை ஓட்ட அனுமதி இருக்கிறது. பழைய சர்வர் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதிலுள்ள விண்டோஸின் ஆண்டைப் பாருங்கள். 2012 ஆர்2 பதிப்புக்குக் கூடுதல் கட்டணமில்லாத பாதுகாப்பு ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்தது. 2016 பதிப்புக்கு அந்த ஆதரவின் கடைசி நாள் 2027 ஜனவரி 12.

சர்வரை எந்த அறையில் வைப்பது என்பதில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் நிறுவனத்தின் இரண்டு கிளைகளும் அந்த ஊர்களில்தான் இருக்கின்றன. தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் சர்வர் வைக்கப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் மாடி, பூட்டிய அறை, பஞ்சுத்தூசி வராத இடம் என்பவையே குறைந்தபட்சம். திருப்பூரில் தூசியும் ஒரு காரணம். தையல் பிரிவின் பஞ்சு சர்வரின் விசிறியை அடைத்துவிடும்.

மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அன்று ஜெனரேட்டர் ஓடும். சிக்கல் அறிவிக்கப்படாத அந்தச் சில நிமிடங்களில் வருகிறது. யுபிஎஸ் வாங்குபவர்கள் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்கிறார்கள். ஜெனரேட்டர் இருக்கிற இடத்தில் இருபது நிமிடம் போதும். ஜெனரேட்டர் கிளம்பாத நாளில், பேட்டரி தீர்வதற்குள் சர்வரை ஒழுங்காக மூடச் சொல்லும் கம்பி யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்குப் போகிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். பெட்டியோடு வரும் அந்தக் கம்பி பல அலுவலகங்களில் உறை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடக்கிறது.

இனி பேக்கப். இதற்கு உலகம் கண்ட பெரிய பாடம் கப்பல் தொழிலிலிருந்தே வந்தது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற நாசகார நிரல் பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சில மணி நேரத்தில் முடங்கியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் பாதிக்கப்பட்டது. மெர்ஸ்க்கிடம் உலகெங்கும் ஏறத்தாழ 150 டொமைன் கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் மற்றதன் நகல். ஒன்று போனாலும் மற்றவை காக்கும் என்பது திட்டம். எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று எவரும் நினைக்கவில்லை. தப்பியது ஒன்றே ஒன்று, ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில். தாக்குதலுக்கு முன்பு அங்கே மின்சாரம் போயிருந்ததால் அந்த இயந்திரம் அணைந்து கிடந்தது. அதிலிருந்த தகவலை பிரிட்டனுக்கு அனுப்ப கானாவின் இணைய வேகம் போதவில்லை. நாட்கணக்கில் ஆகும் என்று தெரிந்ததும், விமானத்தில் ஆள் மூலம் கையோடு கொண்டுபோனார்கள்.

நகலும் பேக்கப்பும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஜோடி டிஸ்க், ஊருக்கு ஊர் ஒத்திசைவு, இரண்டாவது சர்வர் எல்லாமே இயந்திரம் பழுதானால் காப்பவை. தவறுதலாக அழித்ததையும், வைரஸ் பூட்டியதையும் அவை நொடியில் மறுபக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பேக்கப் என்பது நேற்றைய நிலையை, நேற்றைய நிலையாகவே, இன்றைய தவறு எட்டாத இடத்தில் வைத்திருப்பது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்ற 3-2-1 விதி பழையதானாலும் இன்றும் செல்லும். நம் நிறுவனத்துக்கு அது எளிதாகவே பொருந்துகிறது. தினமும் இரவு திருப்பூரில் ஒரு தனிக் கருவிக்கு ஒரு பிரதி. இந்தியாவுக்குள் இருக்கும் கிளவுடில், குறித்த நாள்வரை எவராலும் அழிக்க முடியாதபடி பூட்டிய ஒரு பிரதி. வாரம் ஒருமுறை, எடுத்த பிறகு கழற்றி அலமாரியில் பூட்டப்படும் டிஸ்க்கில் ஒரு பிரதி. பேக்கப் கருவியின் கடவுச்சொல், சர்வரின் கடவுச்சொல்லாக இருக்கக் கூடாது.

“இந்தியாவுக்குள்” என்று சொன்னதற்குச் சட்டக் காரணம் உண்டு. நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவானவர்கள், கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவிலுள்ள சர்வரில் தினந்தோறும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்ட் திருத்தம் சொல்கிறது. 2023 ஏப்ரல் முதல், கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவையும் அணைக்கக் கூடாது. புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குக் காப்பாற்ற வேண்டும். கூட்டாண்மை நிறுவனங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. ஆனால் ஜிஎஸ்டி பதிவு பெற்ற எவரும் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்கு ஆவணங்களை வைத்திருக்கத்தான் வேண்டும். சர்வர் ஐந்தாறு ஆண்டில் மாறிவிடும், தகவல் அதையும் தாண்டி வாழ வேண்டும். பழைய ஆண்டின் கணக்கைத் திறக்கக்கூடிய பழைய மென்பொருளையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும் என்பது பலருக்கும் தணிக்கையாளர் கேட்கும் அன்றுதான் நினைவுக்கு வருகிறது. இணையத் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும், கணினிகள் தாமாக எழுதும் இயக்கப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற 2022 உத்தரவும் இருக்கிறது. யார் சொல்வது என்பதை முன்பே முடிவுசெய்து பெயரை எழுதிவைத்தால் அந்த 6 மணி நேரத்தில் தடுமாற்றம் இருக்காது.

பேக்கப்பைத் திரும்ப எடுக்க எவ்வளவு நேரமாகும் என்பதையும் இப்போதே கணக்கிட வேண்டும். ஒரு டெராபைட் தகவலை 50 எம்பிபிஎஸ் இணைப்பில் கிளவுடிலிருந்து இறக்க, நடுவில் தடையே வராவிட்டாலும் 44 மணி நேரம் ஆகும். ஆகவே கணக்கு, ஆர்டர், இந்தப் பருவத்து வரைவுகள் ஆகியவற்றைத் தனித் தொகுப்பாகப் பிரித்து, முதலில் அதைத் திரும்ப எடுக்கும்படி அமைக்க வேண்டும். அது பொதுவாகச் சில பத்து ஜிபிக்குள் அடங்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அலுவலகம் எழுந்து நிற்கும். ஐந்து வருடத்துப் பழைய புகைப்படங்கள் அடுத்த வாரம் வரட்டும்.

அமைப்பு முடிந்த முதல் மாதத்தில், ஷிப்மெண்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூர் சர்வரின் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, வேறொரு கணினியில் பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் எழுப்பிப் பாருங்கள். தூத்துக்குடியில் ஒருவரை உட்காரவைத்து, வெள்ளிக்கிழமை போட்ட கடைசி இன்வாய்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். கம்பியைக் கழற்றிய நேரத்தையும் அந்த இன்வாய்ஸ் திரையில் வந்த நேரத்தையும், கடவுச்சொல் தெரியாமல் யாரை எல்லாம் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது என்பதையும் அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள்.